ஆடு பார்க்கப் போனவருக்கு

புளியங்கூடல்,
பங்குனி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள பிரவீனனின்ரை அப்பாவுக்கு,

மீனாம்பிகை எழுதுறன். நலம், நலமறிய ஆவல் எண்டு தொடங்க எனக்குக் கை வரேல்லை. என்ரை நலம் கிடக்கட்டும். உங்கடை நலத்தைக் கனடாவிலை இருக்கிற டொக்டர், நேர்ஸ், மகன், மருமகள் எல்லாருக்கும் தெரியும். கட்டின மனுசிக்குத்தான் தெரியாது.

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பீங்கள். போனிலை உங்களோடை என்னத்தைக் கதைக்கிறது? நான் ஹலோ சொல்ல முந்தி அதை ஸ்பீக்கரிலை போட்டு மேசையிலை வைச்சிடுவீங்கள். ஒரு பக்கம் பிரவீனன், ஒரு பக்கம் கஜாலினி, நடுவிலை பேத்தி நிண்டு அப்பம்மா ஆட்டைக் காட்டு எண்டு கத்துவாள். அதுக்குள்ளை புருசன் பெண்சாதி கதை கதைக்கேலுமோ? ஊர்காவற்றுறை யூலியானா அடுத்த வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு மகளிட்டைப் போறா. அவவின்ரை பெட்டியிலை உங்களுக்கு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வருகுது. மாப் பைக்குள்ளை இந்தக் கடிதம் இருக்கும். கதவைச் சாத்திப்போட்டுத் தனிய இருந்து வாசியுங்கோ. கண்ணாடியைக் காணேல்லை எண்டு வீட்டைக் கவிழ்க்காதையுங்கோ, சேட்டுப் பொக்கற்றுக்கை பாருங்கோ.

போன கிழமை கஜாலினி வேலைக்குப் போற வழியிலை, காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டு எனக்குத் தனிய எடுத்தவள். உங்களுக்குத் தடிமன் எண்டுதானே எனக்குச் சொன்னீங்கள்? தடிமனுக்குக் கடையிலை வாங்கின மருந்தைக் குடிச்சு, அண்டைக்கே மூத்திரம் போகாமல் சலம் கட்டி, வயிறு கல்லு மாதிரி வீங்கி, அம்புலன்ஸிலை கொண்டுபோனதாம். குழாய் போட்டுப் பையோடை வீட்டை அனுப்பினதாம். ரெண்டு தரம் குழாயைக் கழட்டிப் பாத்து ரெண்டு தரமும் பேந்து அடைச்சதாம். இவ்வளவும் நடந்து முடிய, நீங்கள் எனக்குப் போனிலை இஞ்சை சரியான பனி எண்டு காலநிலை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். கண்டறியாத காலநிலை!

டொக்டர் ரெண்டு வழி சொன்னவராம். ஒண்டு, சலம் போற வழியாலை சின்னக் கருவி ஒண்டை விட்டு, வீங்கிக் கிடக்கிற புரொஸ்ரேற் சுரப்பிக்கு நீராவி அடிக்கிறது. அண்டைக்கே வீட்டை வரலாம், அது பிறகு மெல்ல மெல்லச் சுருங்கும். மற்றது ஒப்பரேசன். அதுவும் வயித்தை வெட்டுற அலுவல் இல்லை. முதுகிலை ஊசி போட்டு விறைக்கப்பண்ணி, அதே வழியாலை கமராவை விட்டு, அடைச்சுக்கொண்டு நிக்கிற சதையைச் சுரண்டி எடுக்கிறது. ஒண்டு ரெண்டு நாள் ஆசுப்பத்திரியிலை நிக்கவேணும். கொஞ்ச நாளைக்கு ரத்தம் காட்டும், பாரம் தூக்கக்கூடாது. கஜாலினி இதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னவள்.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. ஒப்பரேசன் செய்தால் ஆம்பிளையளுக்கு ஒரு மாற்றம் வரும், நீராவியிலை அது அநேகமா வராது, ஆனபடியால் இந்த விசயம் உங்களுக்கு முக்கியமோ எண்டு டொக்டர் கேட்டவராம். அதைத் தகப்பனிட்டைத் தமிழிலை கேக்க என்ரை பிள்ளை பட்ட பாடு! வேர்த்து விறுவிறுத்து, கடைசியிலை நிலத்தைப் பாத்துக்கொண்டு, அப்பா, உங்களுக்கு இனியும் குடும்ப வாழ்க்கை வேணுமோ எண்டு டொக்டர் கேக்கிறார் எண்டவனாம். நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு, அது முடிஞ்சு ஏழு வருசம் எண்டு சொன்னீங்களாம்.

பிள்ளை பயந்து போனான். வீட்டை வந்து பெண்சாதியிட்டை, அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சிட்டினமோ, அதுதான் அம்மா போன வருசம் அப்பிடி அவசரமா ஊருக்கு ஓடினவவோ எண்டு கேட்டவனாம். அவள் பாவம், குறை நினையாதையுங்கோ மாமி எண்டு நூறு தரம் சொல்லி என்னட்டை விசாரிக்கிறாள். மருமகளுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? ஆடு கயிறு அறுத்திட்டுது எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன்.

இன்னும் ஒண்டு சொன்னவள். முடிஞ்சது எண்டால் ஒப்பரேசனே செய்யலாம், அதுதான் உங்களுக்குத் திறம் எண்டு டொக்டர் சொல்ல, நீங்கள் ஏலாது, நீராவிதான் வேணும் எண்டு நிண்டீங்களாம். டொக்டருக்கே விளங்கேல்லையாம். சித்திரை நடுவிலை திரும்ப வந்து முடிவு சொல்லச் சொல்லி விட்டவராம்.

முடிஞ்சு ஏழு வருசமோ? நல்லா எண்ணி வைச்சிருக்கிறீங்கள். முடிஞ்சது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நான் சொன்னனானோ? இதுக்கு மேலை இண்டைக்கு எழுதினால் கண்டபடி எழுதிப்போடுவன். ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் நேரமாச்சு.

*

சனிக்கிழமை.

ரெண்டு நாளாக் குசினியிலையும் கிணத்தடியிலையும் உங்களோடை தனியச் சண்டை பிடிச்சு முடிச்சிட்டன். இப்ப ஆறுதலா எழுதுறன்.

ஏழு வருசம் எண்ட உடனை எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமோ? எனக்குக் கர்ப்பப்பை எடுத்த வருசம். ஆசுப்பத்திரியாலை வந்து கிடந்த நாளிலை நீங்கள் என்னைப் பாத்த பார்வையை நான் மறக்கேல்லை. குசினிக்குள்ளை போகாத மனுசன் கஞ்சி வைச்சுத் தந்தது. உப்புக் கூடிப்போச்சு எண்டு நான் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன், சரியான உப்பு.

நான் எழும்பி நடமாடத் தொடங்கின மாரியிலை, ஒரு நாள் நீங்கள் தலகணியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக் கட்டிலுக்குப் போனீங்கள். கேட்டதுக்கு, அறைக்கை புழுக்கம் எண்டீங்கள். கார்த்திகை மழை அடிச்சு ஊத்துது, ஓட்டாலை ஒழுகுது, இந்த மனுசனுக்குப் புழுக்கம்! நான் பேந்து கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை எண்டால், காரணம் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சன். உள்ளுக்கை ஒண்டும் இல்லாத பொம்பிளையோடை இனி என்ன படுக்கை எண்டு போறார் எண்டு நினைச்சன். அறைக்கை கிடந்து வாயைச் சீலைத்தலைப்பாலை பொத்திக்கொண்டு அழுதிருக்கிறன். உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள்தான் ஆடு பாக்கப் போயிருப்பீங்களே.

ஓம், அந்த ஆட்டுக் கதைக்கு வாறன். ஒவ்வொரு இரவும் ரெண்டு மூண்டு தரம் எழும்பிப் போவீங்கள். விடியக் கேட்டால் ஆடு கத்தினது, நாய் வந்ததாக்கும், பாத்திட்டு வந்தனான் எண்டுவீங்கள். எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் காது மந்தம் எண்டும் சொல்லுவீங்கள். கனடாவாலை நான் தனியத் திரும்பி வந்து இப்ப ஒரு மாரி போயிட்டுது. சத்தியமாச் சொல்லுறன், அதே கொட்டில், அதே ஆடுகள், ஒரு இரவும் ஒரு ஆடும் கத்தேல்லை. நீங்கள் போன பிறகு ஆடுகளுக்கு அப்பிடி என்ன நிம்மதி எண்டு நான் யோசிச்சும் பாத்திருக்கிறன். மடைச்சி! கஜாலினி சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கினது, கத்தினது ஆடு இல்லை எண்டு.

சலக்கடுப்பு எண்டு நீங்கள் ஒருக்கா ரெண்டு தரம் வாய்விட்டுச் சொன்னதும் உண்மை. சொன்ன கையோடை கிணத்திலை பழியைப் போட்டீங்கள். உப்புத் தண்ணி குடிச்சு வளந்தவனுக்கு இது இருக்கத்தான் செய்யும், தீவாருக்கு எழுதின வருத்தம் எண்டீங்கள். நானும் நம்பினன். ஊரிலை எல்லாரும் சொல்லுறதுதானே. கான் கானா நல்ல தண்ணி வெளியிலை இருந்து எடுப்பிச்சம். கடுப்புக் குறையேல்லை. பேந்து தண்ணியே வேண்டாம் எண்டு பொழுது பட்டால் ஒரு மிடறும் குடியாமல் விட்டீங்கள். தேத்தண்ணி தந்தாலும் வாங்கமாட்டீங்கள். என்ரை கையாலை ஒண்டும் வாங்கக்கூடாது எண்டு இருக்கிறார் எண்டு நான் நினைச்சன். பாருங்கோ, கிணறும் நானும் சேந்து பழி சுமந்திருக்கிறம்.

நயினாதீவு அம்மன் கோயிலுக்கு நாங்கள் கடைசியாப் போனது ஞாபகம் இருக்கோ? திருவிழாச் சனம். குறிகட்டுவானிலை வெயிலுக்கை வரிசையிலை நிண்டு வள்ளம் ஏறினது. நடுக் கடலிலை நீங்கள் பலகையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, முகம் கறுத்துப்போய் இருந்தீங்கள். அங்காலை இறங்கின உடனை என்னையும் அர்ச்சனைத் தட்டையும் விட்டுப்போட்டு விறுவிறெண்டு எங்கையோ போயிட்டீங்கள். எனக்காகத் தன்னை இந்தச் சனத்துக்கை இழுத்துக்கொண்டு வந்திட்டாள் எண்டு கோவம் எண்டு நினைச்சன். அம்மாளுக்கு முன்னாலை நிண்டு நான் கும்பிட்டது, இந்த மனுசனுக்கு என்னிலை இருக்கிற வெறுப்பைக் குறை தாயே எண்டு. நோய் ஒண்டு, நான் கேட்ட மருந்து வேறை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் நான் தனியத்தான் போறன்.

கடைசியா, மகன்ரை வீடு. எங்கள் ரெண்டு பேருக்கும் எண்டு பெரிய கட்டில் வாங்கி, புது விரிப்பு, புதுத் தலகணி எல்லாம் போட்டு வைச்சிருந்தான். முதல் நாளே நீங்கள் ரீவி பாக்கப்போறன் எண்டு கீழை பேஸ்மென்றுக்கு இறங்கி, அங்கையே சோபாவிலை படுத்தீங்கள். அடுத்த நாளும், அதுக்கடுத்த நாளும் அப்பிடித்தான். விடியக் கஜாலினி என்ரை முகத்தைப் பாக்காமல் தேத்தண்ணி ஊத்தித் தருவாள். இஞ்சை விறாந்தையிலை படுத்தால் ஊருக்குத் தெரியாது, அங்கை மருமகளுக்கு முன்னாலை என்னை வேண்டாம் எண்டு தள்ளினது மாதிரி இருந்தது. அதுதான் மூண்டு மாதத்திலை வெளிக்கிட்டனான். பனி ஒத்துக்கொள்ளாது, ஆட்டைப் பாக்க ஆளில்லை எண்டு சொன்னது பொய். பனி தொடங்கவும் இல்லை, ஆடுகளைப் பக்கத்து வீட்டு அன்ரனிதாஸ் என்னைவிட வடிவாப் பாத்தவன். பேஸ்மென்றிலை சோபாவுக்குப் பக்கத்திலை கக்கூசு இருக்கு எண்டது, பத்தாயிரம் மைல் தள்ளி வந்து, இப்பதான் எனக்கு உறைக்குது.

பாவம் இந்த ஆடுகள். ரெண்டு பேரின்ரை பொய்யையும் ஏழு வருசமாத் திண்டு வளந்திருக்குதுகள்.

*

செவ்வாய்க்கிழமை.

இண்டைக்கு நான் செய்த வேலையைக் கேட்டால் நெஞ்சிலை கை வைப்பீங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய், உந்த வருத்தம் பாக்கிற பெரிய டொக்டரைக் கண்டுபோட்டு வந்தனான். கஜாலினியிட்டைச் சொல்லி உங்கடை றிப்போட் எல்லாத்தையும் போனுக்கு எடுப்பிச்சன். காலமை அன்ரனிதாஸின்ரை ஓட்டோவிலை சந்திக்குப் போய், பஸ் பிடிச்சுப் போனன்.

அந்த இடத்திலை முழுக்க ஆம்பிளையள். சாறத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பையோடை இருக்கிற ஆக்களும் இருந்திச்சினம். சிலருக்குப் பக்கத்திலை மனுசிமார் இருந்து விசிறிக்கொண்டு இருந்தவை. நம்பர் எழுதிற பெடியன் நோயாளியின்ரை பேர் என்ன எண்டு கேட்டான். உங்கடை பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஆசுப்பத்திரி, கோயில், விதானையாரின்ரை கந்தோர் எல்லா இடத்திலையும் இதுவரைக்கும் எழுதிக் குடுத்தே காலம் தள்ளினனான். அவன் எழுதக் கடதாசி தரேல்லை. தம்பிஐயா எண்டு சொன்னன். பெலத்துத்தான் சொல்லிப்போட்டன் போலை, கதிரையிலை இருந்த ஒரு கிழவர் ஓம் நான்தான் எண்டு எழும்பிப்போட்டார். அவரும் தம்பிஐயாவாம்! எல்லாரும் சிரிச்சிச்சினம். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது.

உள்ளுக்கை போக டொக்டர் நோயாளி எங்கை எண்டு கேட்டார். கனடாவிலை எண்டன். சரி இருங்கோ அம்மா எண்டு போனை வாங்கி ஒவ்வொண்டா வாசிச்சார். ஆளைப் பாக்காமல் தான் முடிவு சொல்ல ஏலாது, அங்கை பாத்த டொக்டர்தான் சொல்லவேணும், றிப்போட்டிலை இருக்கிறதை விளங்கப்படுத்தலாம் எண்டார். பொறுமையான மனுசன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன். நீராவி கெட்ட வைத்தியம் இல்லையாம். சுரப்பி தேசிக்காய் அளவுக்கு வீங்கின ஆக்களுக்கு அது நல்லா வேலை செய்யும். கன பேர் அதோடை சுகமா இருக்கினம், சிலருக்குச் சில வருசத்தாலை திரும்பவும் செய்யவேண்டி வரும். ஆனா உங்களுக்கு இருக்கிறது தேசிக்காய் இல்லையாம், நல்ல தோடம்பழமாம். அதோடை மூத்திரப்பையும் கன காலம் முக்கி முக்கிக் களைச்சுப்போச்சாம், உள்ளுக்கை கல்லும் கிடக்காம். இந்த நிலையிலை நீராவி அடிச்சுப்போட்டு, சுருங்குது சுருங்குது எண்டு மாதக் கணக்காக் குழாயோடை இருந்து, அதுக்குப் பிறகும் அடைச்சால் கடைசியிலை ஒப்பரேசனிலைதான் வந்து நிக்கும். அதுக்கிடையிலை சலம் தேங்கிக் கிட்னியைப் பிடிச்சால் பேந்து சரிக்கட்ட ஏலாது எண்டார். ஒப்பரேசன் செய்தாலும் பை பழையபடி முழுப் பலத்துக்கு வரும் எண்டு தான் பொறுப்புச் சொல்லமாட்டன், கன காலம் விட்டிட்டீங்கள் எண்டார். ஆனா அடைப்பு விலகும், குழாய் இல்லாமல் இருக்க அதுதான் நல்ல வழி எண்டு சொன்னவர்.

ஆறேழு வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் எண்டு கேட்டன். கேட்டிருக்கக்கூடாது. அப்ப வெறும் மருந்துக் குளிசையோடையே நிண்டிருக்கக்கூடும் அம்மா, இல்லாட்டி நீராவி போதுமா இருந்திருக்கும் எண்டு சொன்னார். அந்த மனுசன் சும்மா உள்ளதைச் சொன்னவர். எனக்குத்தான் ஆரோ கன்னத்திலை அறைஞ்ச மாதிரி இருந்தது. ஒரு குளிசை. அவ்வளவுதான். விறாந்தைக்கும் அறைக்கும் நடுவிலை ஒரு சுவர்தானே இருந்தது, அதைத் தாண்டி வந்து இப்பிடி இப்பிடி எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஏனப்பா அங்கை போய்ப் படுக்கிறீங்கள் எண்டு நான் இன்னொருக்காக் கேட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் வாய் இருந்தது. மற்ற எல்லாத்துக்கும் வாய் கிழியக் கதைச்சம்.

எழும்பி வர முந்தி, வந்தது வரட்டும் எண்டு கேட்டன். டொக்டர், ஒப்பரேசன் செய்தால் குடும்ப வாழ்க்கை எப்பிடி எண்டு. பிள்ளையைப் பிழை சொல்லி என்ன, எனக்கும் வேறை சொல்லு வரேல்லை. டொக்டர் சிரிக்கேல்லை. விருப்பம் எங்கையும் போகாது, பலமும் அநேகம் பேருக்குப் பழையபடி இருக்கும். வித்து மட்டும் வெளியிலை வராமல் பின்னாலை பைக்குள்ளை போய்ச் சலத்தோடை போயிடும், அதாலை உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, இனிப் பிள்ளை பெற ஏலாது, அவ்வளவுதான் எண்டார். எனக்கு அடக்க ஏலாமல் போச்சு. டொக்டர், எனக்குக் கர்ப்பப்பையே இல்லை எண்டு சொன்னன். அப்பதான் அவர் சிரிச்சவர். நானும் சிரிச்சன். சிரிச்ச வாய் மூடாமலே அழத் தொடங்கிட்டன். அவர் தண்ணி எடுத்துத் தந்தார்.

திரும்பி வரேக்கை பண்ணைப் பாலத்திலை பஸ் போய்க்கொண்டு இருக்க, ரெண்டு பக்கமும் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தன். அப்பதான் விளங்கினது. முடிஞ்சு ஏழு வருசம் எண்டு சொன்ன மனுசன், ஏன் ஒப்பரேசன் ஏலாது, நீராவிதான் வேணும் எண்டு நிண்டவர்? முடிஞ்ச ஆளுக்கு உது எது வந்தால் என்ன, போனால் என்ன? நீங்கள் முடிக்கேல்லை. மகனுக்கு முன்னாலை சுவரைப் பாத்துக்கொண்டு பொய் சொல்லிப்போட்டு, கிடக்கிறதை எண்டாலும் மிச்சம் பிடிச்சு எனக்கெண்டு வைச்சிருக்கப் பாத்திருக்கிறீங்கள். நான் முந்தானையாலை முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பாத்து, கொண்டக்ரர் பெடியன் அம்மா ஏதும் செத்தவீடோ எண்டு கேட்டான். இல்லை ராசா எண்டன்.

*

புதன்கிழமை.

யூலியானா பின்னேரம் சாமான் எடுக்க வருவா. அவவுக்குக் கடிதம் பிரிக்கிற பழக்கம் இல்லை, ஆனா என்ன எழுதினனீர் எண்டு கேக்கிற பழக்கம் இருக்கு. ஆடு பற்றி எண்டு சொல்லப்போறன்.

இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சித்திரையிலை டொக்டரிட்டைப் போகேக்கை பிரவீனனைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கை போகாதையுங்கோ. அவன் வெளியிலை இருக்கட்டும். அவன் உங்களுக்குப் பிள்ளை, அவனுக்கு முன்னாலை நீங்கள் உண்மை சொல்லமாட்டீங்கள், சொல்லவும் வேண்டாம். அந்தக் கிளினிக்கிலை ஒரு சிங்கள நேர்ஸ் வேலை செய்யிறாவாம். கஜாலினி கதைச்சு ஒழுங்கு பண்ணிப்போட்டாள். பதினாறு வயசிலை உங்கடை அப்பாவோடை தெற்கிலை அக்குறஸ்ஸைக் கடைக்குப் போய், முப்பது வருசம் சிங்களத்திலை சீனியும் பருப்பும் வித்த மனுசன் நீங்கள். அங்கை வாற சனத்தோடை நீங்கள் கதைக்காத கதையோ? கடையிலை நீங்கள் கதைச்சால் சந்தி வரைக்கும் கேக்குமாம். ஊருக்கு வந்தால்தான் உங்களுக்கு வாய் பூட்டு. தமிழிலை சொல்ல வெக்கமானதைச் சிங்களத்திலை சொல்லுங்கோ. எப்ப தொடங்கினது, எத்தினை வருசமா மறைச்சது, சாறம் நனைஞ்சு நீங்கள் தனியக் கிணத்தடியிலை நிண்டு அலசினது எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஓம், அது எனக்குத் தெரியும். விடியக் கொடியிலை ஈரச் சாறம் கிடக்கும். குளிச்சவராக்கும் எண்டு நான் என்னை நானே ஏமாத்தினனான்.

பேந்து ஒப்பரேசனுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ. எனக்காக எண்டு எதையும் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. என்னட்டை எடுத்ததை ஆசுப்பத்திரியிலை எடுத்திட்டினம், உங்களிட்டை எடுக்கிறதை அவை எடுக்கட்டும். பேந்து நாங்கள் ரெண்டு பேரும் சரிக்குச் சமன். எனக்கு வேண்டியது, நீங்கள் ஒரு கிளாஸ் தண்ணியைப் பயப்பிடாமல் குடிக்கிறதும், பக்கத்திலை கிடந்து குறட்டை விடுறதும்தான். குறட்டைக்கு நான் ஏசுவன், அது வேறை.

விறாந்தைக் கட்டிலை நேற்றுப் பின்னேரம் அன்ரனிதாஸைக் கொண்டு அறைக்குள்ளை எடுப்பிச்சுப் போட்டன். என்ரை கட்டிலோடை ஒட்டித்தான் போட்டிருக்கு. ஒரு காலடியிலை ஓட்டுத் துண்டு வைச்சும் ஆடுது. நீங்கள் வந்து பாருங்கோ. யன்னல் பக்கம் உங்களுக்கு, எழும்பிப் போக வசதி. இனி எழும்பினால் என்னையும் எழுப்பிப்போட்டுப் போங்கோ, ஆட்டுக்குப் பழி சொல்லத் தேவையில்லை.

ஆடுகளையும் அவனிட்டைக் குடுத்திட்டன். நேற்று அவிட்டுக்கொண்டு போயிட்டான். கறுத்த மறியாடு மட்டும் போகமாட்டன் எண்டு கத்தினது. இத்தினை வருசத்திலை முதல் முதலா ஒரு ஆடு உண்மையாக் கத்திக் கேட்டன். என்ரை கனடாக் கார்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கு. ஒப்பரேசனுக்கு நாள் குறிச்ச உடனை கஜாலினியிட்டைச் சொல்லுங்கோ, அவள் எனக்கு ரிக்கற் போடுவாள். நீங்கள் கண் முழிக்கேக்கை நான் பக்கத்திலை கதிரையிலை இருப்பன். விசிறி கொண்டுவர விடுவினமோ தெரியாது.

கழிஞ்சுபோன வருசங்களுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அதை எந்த டொக்டரும் சுரண்டித் தரமாட்டினம். உங்களை ஏசவேணும் எண்டுதான் வியாழக்கிழமை பேனையை எடுத்தனான். இப்ப ஏச ஏலாமல் கிடக்கு. ஒரே வீட்டுக்கை ரெண்டு பேர், ஒருத்தருக்கு ஒருத்தர் தொல்லை குடுக்கக்கூடாது எண்டு இப்பிடித் தள்ளித் தள்ளி இருந்திருக்கிறம்.

அக்குறஸ்ஸையிலை ஆரும் உங்களை விசாரிச்சால், குடும்பம் ஊரிலை எண்டு சொல்லுவீங்களாம். உங்களோடை கடையிலை நிண்ட ஆக்கள் சொல்லி நான் கேள்விப்பட்டிருக்கிறன். அந்தக் குடும்பம் நான்தான். ஆனபடியால் குடும்ப வாழ்க்கை வேணுமோ எண்டு அந்த டொக்டர் கேட்ட கேள்விக்கு நீங்கள் தனிய மறுமொழி சொல்ல ஏலாது. திரும்பவும் கேட்டால், ஊரிலை இருக்கிற குடும்பத்திட்டைக் கேட்டனான், அவ ஓமாம் எண்டு சொல்லுங்கோ.

நயினை அம்மாளிட்டை இந்த முறை சரியான வருத்தத்தைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறன். தண்ணி குடியுங்கோ.

இன்னும் முடியாத உங்கடை குடும்பம்,
மீனாம்பிகை.